இல்லாத ஊருக்கு ஒரு பஸ்

ஒரு கடற்கரைக்கே பெயர் வைத்தவன் நான் என்று சொன்னால் என் வீட்டில் யாரும் நம்புவதில்லை. மனைவி சரோஜா மட்டும் நம்புவாள், ஆனால் மதிக்கமாட்டாள். "கடற்கரைக்குப் பேர் வெச்சது இருக்கட்டும். பேரனுக்கு நீங்க வெச்ச பேரை ஒருத்தராவது கூப்பிடறாங்களா?" என்பாள். நான் வைத்தது வேலாயுதம். ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனி காரில் போய் வரும் என் மகனும் மருமகளும் தொடங்கி, கீழ்வீட்டு வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவன் சோட்டு.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சச்சின். புணே பஸ் ஸ்டாண்டில் நான் உட்கார்ந்திருந்த கண்ட்ரோலர் நாற்காலியில் இப்போது உட்காருகிறவன். போன மாதம் போன் செய்தான். புது பஸ்களில் இரும்புப் பலகை கிடையாது, விளக்கு எழுத்து ஓடுகிறது, எத்தனை ஊர் வேண்டுமானாலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடுகிறது என்றான். "சாஹேப், உங்க காலத்துல ஒரு பலகைக்காக ஒரு வருஷம் சண்டை போட்டீங்களாமே, அதுல சண்டை போட என்ன இருக்கு?" என்று கேட்டான். நான் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. நம் தமிழ்ச் சங்க மலர்க்காரர்களும் ஏதாவது எழுது என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். சச்சினுக்குத் தமிழ் வராது. யாராவது படித்துச் சொல்லட்டும்.

என் அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து புணேயை ஒட்டிய கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வந்தவர். நான் பிறந்தது கட்கியில். மராத்தியைத் தெருவில் கற்றேன், தமிழை அம்மாவின் திட்டில் கற்றேன். சர்க்கார் பஸ்ஸில் புக்கிங் கிளார்க்காகச் சேர்ந்தேன். அந்த வருஷங்களில் சொல்ல ஒன்றுமில்லை. சில்லறை இல்லை என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். பிறகு கண்ட்ரோலர் ஆனேன்.

கண்ட்ரோலர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டின் நடுவில் மூன்று பக்கம் கண்ணாடி வைத்த ஒரு பெட்டி, உள்ளே ஒரு மைக், ஒரு முத்திரைக்கட்டை, நான். டிரைவரும் கண்டக்டரும் வந்து கையெழுத்துப் போடுவார்கள். நான் எட்டிப் பார்த்து முன் பலகை சரியா, பக்கப் பலகை சரியா, கண்டக்டர் டீ குடித்தாரா என்று மூன்றையும் கேட்பேன். மூன்றாவதுதான் முக்கியம். டீ குடிக்காத கண்டக்டரோடு அனுப்பிய பஸ் வழியில் எங்காவது ஒரு சண்டையில் நின்றுவிடும். பிறகு முத்திரை குத்திவிட்டு ஊர்ப் பெயரை மைக்கில் மூன்று தடவை சொல்ல வேண்டும். மூன்றாவது தடவையையும் முதல் தடவை மாதிரியே சொல்ல வேண்டும் என்பது எங்கள் டிப்போ மேனேஜர் ஜோக்ளேகர் சாஹேப் போட்ட சட்டம். சலிப்போடு சொன்னால் பயணிக்கு ஊருக்குப் போகிற ஆசையே போய்விடுமாம்.

ஜோக்ளேகர் சாஹேபைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லத்தான் வேண்டும். ஒல்லியான மனிதர், மூக்கின் நுனியில் கண்ணாடி. யாரிடமும் முடியாது என்று சொன்னதே இல்லை. சரி என்றும் சொன்னதில்லை. 'பாஹூ' என்பார். மராத்தியில் 'பார்க்கலாம்' என்று அர்த்தம். பஸ்ஸை மறிப்போம் என்று கூட்டமாக யாராவது வந்தால் எழுந்து நின்று வரவேற்பார். வயதில் மூத்தவரை ஃபேனுக்கு அடியில் உட்கார வைப்பார். பிறகு டீ வரும். அந்த டீயைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவரச் சொல்லி கேன்டீன்காரருக்குத் தனி உத்தரவு. கப்பைத் தொட முடியாது. வந்தவர்கள் ஊதிக்கொண்டே இருப்பார்கள். ஊதுகிறவனால் கத்த முடியாது. டீ ஆறுவதற்குள் கோபமும் ஆறிவிடும். அதன் பிறகுதான் சாஹேப், "இப்ப சொல்லுங்க" என்பார். முக்கால்வாசிப் பேர் என்ன சொல்ல வந்தோம் என்று யோசித்துவிட்டு நமஸ்காரம் சொல்லிப் போய்விடுவார்கள்.

அந்த டீக்கே அடங்காத வழக்கு ஒன்றுதான். கடற்கரை பஸ் வழக்கு.

புணேயிலிருந்து காலையில் கிளம்பி, மலைப்பாதை இறங்கி, சாயங்காலம் கடலோரம் போய்ச் சேரும் பஸ் அது. கரையில் முதலில் ஷிர்வண்டே, நடுவில் போந்திவரே, கடைசியில் காராவாடி. மூன்று ஊருக்கும் ஒரே கடல், ஒரே மீன், ஒரே மழை. ஆனால் மூன்றும் ஒன்று என்று சொன்னால் அடிக்க வருவார்கள். சண்டைக்குக் காரணம் பலாப்பழம். ஷிர்வண்டேயில் காய்ப்பது காப்பா, அதாவது கெட்டிச் சுளை. காராவாடியில் பர்கா, அதாவது கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போய்விடும் கூழன் சுளை. கெட்டிச் சுளைக்காரர்கள் மற்றவர்களைப் பல்லில்லாதவர்கள் என்பார்கள். கூழன்காரர்கள் இவர்களை மாடுகள் என்பார்கள், நாளெல்லாம் மெல்லுவதால். நடுவில் இருக்கும் போந்திவரேயில் இரண்டு வகையும் உண்டு. அதனால் அவர்களை இரண்டு பக்கமும் நம்பவில்லை.

பஸ் கடைசியாக நிற்கும் ஊர் காராவாடி என்பதால் பலகையில் 'புணே – காராவாடி' என்று எழுதியிருந்தது. காராவாடிப் பெயர் போட்ட பஸ்ஸில் ஷிர்வண்டேக்காரர்கள் ஏறமாட்டோம் என்றார்கள். ஜீப்பில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து போனார்கள். சரி, வாரத்துக்கு ஒரு ஊர்ப் பெயர் என்று பலகையை மாற்றி மாற்றி மாட்டினோம். எந்த வாரம் எந்தப் பெயரோ அந்த ஊர்க்காரர்கள் மட்டும் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போனார்கள். மூன்று பெயரையும் ஒரே பலகையில் எழுதினால் யார் பெயர் முதலில் என்று கேள்வி. டிப்போ பெயிண்டர் இஸ்மாயில் பாய் யோசித்து யோசித்து மூன்று பெயரையும் வட்டமாக எழுதிக் கொடுத்தார். வட்டத்துக்கு முதல் ஏது, கடைசி ஏது என்று அவருக்குப் பெருமை. பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. அன்று சாயங்காலமே காராவாடியிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. வட்டத்தில் அவர்கள் ஊர் தலைகீழாக இருந்ததாம்.

இந்தக் கூத்தில் பஸ் காலியாக ஓடியது. மேலிடத்திலிருந்து உத்தரவும் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் பஸ் நிறையாவிட்டால் ரூட்டை நிறுத்திவிடலாம் என்று.

எனக்கு அது ஒரு ரூட். மாலதிதாயிக்கு அப்படியில்லை. அவள் போந்திவரேக்காரி. வயதில் என்னைவிடச் சின்னவள்தான், ஆனால் அங்கே யாரையும் அக்கா என்பது போல் தாயி என்று கூப்பிடுவது மரியாதை. புணேயில் ஔந்துப் பக்கம் நாலைந்து ஃப்ளாட்டில் சமையல் செய்துகொண்டிருந்தாள். புருஷன் இல்லை. பெண் குழந்தை ஊரில் மாமியாரிடம் வளர்ந்தது. சனிக்கிழமை காலை இந்த பஸ்ஸைப் பிடித்தால் சாயங்காலம் மகளோடு இருப்பாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் திரும்பக் கிளம்பிவிடுவாள். இந்த பஸ் நின்றால் மூன்று வண்டி மாற வேண்டும். போய்ச் சேருவதற்குள் திரும்புகிற நேரம் வந்துவிடும். வாரத்துக்கு ஒருநாள் பார்க்கிற குழந்தையை மாதத்துக்கு ஒருநாள்கூடப் பார்க்க முடியாது. இதை என் கண்ணாடிப் பெட்டியின் ஜன்னலில் நின்று அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் நான் 'பாஹூ' என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

யோசனை எனக்கு எங்கள் கட்கித் தெருவிலிருந்து வந்தது. எங்கள் வரிசையில் ஒரு கன்னடக் குடும்பம், ஒரு தெலுங்குக் குடும்பம், ஒரு மலையாளக் குடும்பம், நாங்கள். சாம்பாரில் வெல்லம் போடலாமா கூடாதா என்பதில்கூட நாலு வீட்டுக்கும் ஒத்துப்போகாது. ஆனால் தெருமுனையில் எவனாவது 'ஏ மதராசி' என்று கூப்பிட்டால் நாலு வீட்டு ஆம்பிளைகளும் திரும்பிப் பார்ப்போம். பஸ் ஸ்டாண்டிலும் அதே கதை. தெற்கே பிறந்தவன் எவனாக இருந்தாலும் புணேயில் அண்ணாதான். இந்தப் பெயர்களை எங்களில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை, மற்றவர்கள் வைத்தார்கள். அதனால்தான் அது யாருடைய பெயர் என்று எங்களுக்குள் சண்டை வரவில்லை.

அந்த பஸ்ஸுக்கும் மற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஊரிலிருந்து திரும்பும்போது அதன் கூரை முழுக்கப் பலாப்பழம் வரும். சீசன் முடிந்து எத்தனை தடவை கழுவினாலும் வாசனை போகாது. அதனால் போர்ட்டர்கள் அதை 'பணஸ் காடி' என்பார்கள், பலாப்பழ வண்டி. கரையை அங்கே கினாரா என்பார்கள். இரண்டையும் சேர்த்து 'பணஸ் கினாரா' என்று எழுதிவிடலாம், அப்படி ஓர் ஊரே இல்லாததால் யாருக்கும் கோபம் வராது என்று ஜோக்ளேகர் சாஹேபிடம் சொன்னேன். சாஹேப் கண்ணாடியைக் கழற்றி என்னை வெறும் கண்ணால் பார்த்தார். பிறகு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்.

ஷிர்வண்டே சார்பில் நானா வந்தார். ரிட்டயரான தபால்காரர், மீசையைத் தடவாமல் பேசமாட்டார். காராவாடி சார்பில் பாபன், ஐஸ் வியாபாரி, எதற்கும் மேஜையைத் தட்டுகிறவர். போந்திவரேயிலிருந்து யாரும் வரவில்லை. ஜன்னலருகே நின்ற மாலதிதாயியை நான்தான் உள்ளே கூப்பிட்டேன். டீ வந்தது. எல்லாரும் ஊதினார்கள். ஆறிய பிறகு சாஹேப் பெயரைச் சொன்னார்.

நானா இது அவமானம் என்றார். பாபன் மேஜையைத் தட்டி, ஆமாம், அவமானம்தான் என்றார். பலகையில் பழத்தின் பெயரா, நாளைக்கு மீன் நாற்றம் என்று எழுதுவீர்களா என்று நானா கேட்டார். பாபன் அதையும் ஆமோதித்தார். ஜோக்ளேகர் சாஹேப் நிதானமாக என் பக்கம் திரும்பி, ஷிர்வண்டேயும் காராவாடியும் ஒரே விஷயத்தை ஒத்துக்கொண்டு தன் சர்வீஸில் பார்த்ததில்லை, பெயர் ஏற்கெனவே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றார். இருவரும் வெட்கப்பட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

அப்போது மாலதிதாயி பேசினாள். "என் பொண்ணு சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டாப்புல வந்து நிக்கும். பலகையில கழுதைன்னு எழுதுங்க. நான் ஏறுவேன்."

ஒரே ஒரு சனிக்கிழமை இந்தப் பலகையோடு ஓட்டிப் பார்ப்பது, நிறைந்தால் ரூட் இருக்கும், நிறையாவிட்டால் மேலிடத்துக்கு எழுதிவிடுவது என்று சாஹேப் முடித்தார். எழுந்து போகும்போது, "அண்ணா, பேர் வெச்சது நீங்க. நீங்களே அதுல போயிட்டு வாங்க" என்றார்.

சனிக்கிழமை நல்ல மழை. நான் மைக்கில் பணஸ் கினாரா என்று மூன்று தடவை, மூன்றையும் முதல் தடவை மாதிரியே சொல்லிவிட்டு, பெட்டியை இன்னொருவரிடம் ஒப்படைத்து வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டே சிரித்துக்கொண்டிருந்தது. கோலாப்பூர் பிளாட்பாரத்தில் கிளம்பிய பஸ்ஸை நிறுத்திவிட்டு ஒரு டிரைவர் இறங்கி வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போனார். மூன்று ஊர்க்காரர்களும் மூன்று தூணுக்கு அடியில் நின்றார்கள். யாரும் ஏறவில்லை. மாலதிதாயி மட்டும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். அந்த பஸ்ஸில் ஒழுகாத சீட்டுகள் இரண்டு. இரண்டாவதன் மேல் ஒரு காராவாடிப் பையன் கண் வைத்ததை நானா பார்த்துவிட்டார். அந்த வயதில் அவர் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. அவ்வளவுதான், மூன்று தூணும் காலி, பஸ் நிறைந்துவிட்டது. ஊர்ப்பற்று ஒரு ஜன்னல் சீட்டுக்கு முன்னால் நிற்காது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பாதி வழிவரை பேச்சே இல்லை. நானா மடியில் சாக்குச் சுற்றிய ஒரு மூட்டை இருந்தது. வாசனையே அது என்ன என்று சொல்லிவிட்டது. ஔந்தில் இருக்கும் மகளுக்கு ஆசையாகக் கொண்டுபோன பலாப்பழம். லிஃப்டில் நாற்றம் அடிக்கிறது என்று அப்பார்ட்மென்ட் செக்ரட்டரி புகார் செய்ய, மாப்பிள்ளை அதை வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். பாபனின் காலடியிலும் ஒரு சாக்கு இருந்தது. அது சாகண் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மருமகனின் அறையிலிருந்து திரும்பி வந்தது. இருவரும் தத்தம் சாக்கை மறைத்துக்கொண்டு அடுத்தவர் சாக்கைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மலைப்பாதை தொடங்குமிடத்தில் ஒரு ஹோட்டலில் பஸ் நிற்கும். ஹோட்டல் முதலாளியிடமும் ஒரு மைக் உண்டு. எங்களுக்கு முன்னால் ரிசார்ட்டுக்குப் போகும் ஒரு சொகுசு பஸ் வந்து நின்றிருந்தது. நாங்கள் உள்ளே நுழைந்ததும் அதில் வந்த இளைஞர்கள் மூக்கைப் பிடித்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன் இவங்க யார் என்று கேட்டான். முதலாளி அதற்கு மைக்கை அணைக்காமலே பதில் சொன்னார். "பணஸ்வாலே. மூணு பேருக்கு ஒரு டீ வாங்குவாங்க, மேஜை பூரா பிசுக்கு." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நீங்க எல்லாம் வெளிய உக்காருங்கப்பா."

நானா மீசையில் கையை வைத்தார்.

"எங்கள்ல யாரைச் சொன்னீங்க?" என்று கேட்டார்.

"எல்லாரையும்தான். பலகையிலயே எழுதியிருக்கே."

பாபன் பக்கத்திலிருந்த மேஜையைத் தட்டினார். நான் அவர் தட்டி அத்தனை சத்தம் கேட்டதில்லை. "ஆமா, நாங்க பணஸ் கினாராக்காரங்கதான். அதுக்கு என்ன இப்ப?"

அவர் சொன்னது அவருக்கே உறைக்கச் சற்று நேரம் ஆனது. அதற்குள் முழு பஸ்ஸும் அவர் பின்னால் வந்து நின்றுவிட்டது. ஷிர்வண்டே, போந்திவரே, காராவாடி என்று பிரித்துப் பார்க்க என்னாலேயே முடியவில்லை. நானா தன் சாக்கை எடுத்து முதலாளியின் கல்லாவுக்கு எதிரே நடு மேஜையில் வைத்தார். பாபன் தன் சாக்கை அதற்குப் பக்கத்தில் வைத்தார். தேங்காயெண்ணெய் கொண்டுவா என்று யாரோ உள்ளே குரல் கொடுத்தார்கள்.

வெட்டியது மாலதிதாயி. கைக்கும் கத்திக்கும் எண்ணெய் தடவி, பழத்தை நீளவாக்கில் பிளந்து, வடிந்த பாலைப் பழைய பேப்பரில் துடைத்து, நடுத்தண்டை ஒரே இழுப்பில் எடுத்தாள். மேஜையில் ஒரு சொட்டுப் பிசுக்கு விழவில்லை. முதலாளி அதைக் கிட்ட வந்து பார்த்தார். முதல் சுளை அவருக்குத்தான் கொடுத்தாள், அவரும் வாங்கிக்கொண்டார். பிறகு ரிசார்ட் பஸ்காரர்கள் வந்தார்கள், பிறகு சமையல்காரர்கள் வந்தார்கள். மூக்கைப் பிடித்த கையாலேயே தின்றார்கள். கறுப்புக் கண்ணாடிப் பையன் இரண்டு வகையிலும் மாற்றி மாற்றித் தின்றுகொண்டிருந்தான். கெட்டியா கூழனா, எது நல்லது, நீ சொல் என்று நானாவும் பாபனும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதானே அங்கிள்" என்றான் அவன்.

முதலாளி திட்டியதைக்கூடப் பொறுத்துக்கொண்டவர்கள் இதைப் பொறுக்கவில்லை. ரெண்டும் ஒண்ணா என்று நானா தலையில் அடித்துக்கொண்டார். பாவம், வெளியூர்ப் பையன், இவனுக்கு என்ன தெரியும் என்று பாபன் அவரைச் சமாதானப்படுத்தினார். ஒரு நாக்கு இருக்கிறவன் இப்படிப் பேசுவானா என்று இருவரும் கைகோத்துக்கொண்டு புலம்பினார்கள். பையன் மிரண்டு போய் என்னைப் பார்த்தான். அங்கிள், நீங்க மதராஸ்காரர் மாதிரி இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க என்றான். நான் நியாயமாகப் பேசத்தான் வாயைத் திறந்தேன். "எங்க பழத்தைப் பத்தி உனக்கு என்னப்பா தெரியும்?" என்றுதான் வந்தது. என் பழம் எது, என் கரை எது என்று எனக்கே தெரியாது. சொன்னபோது உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த ரூட்டை நிறுத்தும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. இன்று அங்கே இரண்டு பஸ் போகிறது. ஔந்தில் அந்தப் பெயரில் ஒரு சாப்பாட்டுக் கடைகூட வந்துவிட்டது. பெயரை வைத்தது வேட்டைக்கு வந்த ஒரு ராஜா என்று அதன் சுவரில் படம் போட்டிருக்கிறார்கள். கல்லாவில் இருந்தவரிடம், நான்தான் வைத்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணா, இதெல்லாம் எங்க பழைய சரித்திரம், உங்களுக்குப் புரியாது என்று பரிவோடு சொல்லி, தேங்காய்ப்பால் கலந்த சோல்கடி ரசத்தைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றினார். எனக்குக் கோபம் வரவில்லை. ராஜாவுக்குத் தொப்பை எனக்கு இருப்பதுபோலவே இருந்தது.

அந்தச் சனிக்கிழமையின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹோட்டலில் தின்றதிலும் பேசியதிலும் வெகுநேரம் போய்விட்டது. மலை இறங்கும்போது மாலதிதாயி வாட்ச் கட்டியிருந்த ஒவ்வொருவரிடமும் மணி கேட்டாள். கேட்டுக் கேட்டு முழு பஸ்ஸுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மழையில் ஒரு குழந்தை ஸ்டாப்பில் நிற்கிறது. ஷிர்வண்டே வந்தது. அங்கே இறங்குகிறவர்கள்தான் அதிகம், கூரையில் அவர்கள் மூட்டைதான் நிறைய, இறக்க நேரம் பிடிக்கும். கண்டக்டர் மணிக்கயிற்றில் கையை வைத்தார்.

நானா எழுந்திருக்கவில்லை. "நிறுத்தாதே, போ. முதல்ல அந்தப் பொண்ணை இறக்கிவிடு. நாங்க திரும்பி வரப்ப இறங்கிக்கறோம்" என்றார். அவர் ஊர்க்காரர்கள் ஒருவர்கூட இறங்கவில்லை. தங்கள் வீட்டு வாசலையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போனார்கள்.

போந்திவரே ஸ்டாப்பில் குழந்தை, பெரியவர்கள் பிடிக்கும் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகியிருக்கும் போல. அம்மா இறங்கி ஓடி வருவதைக்கூடப் பார்க்காமல், பஸ்ஸின் நெற்றியில் இருந்த பலகையை வாயை அசைத்து அசைத்துப் படித்தது. மாலதிதாயி எண்ணெய்ப் பிசுக்குக் கையாலேயே அதை வாரித் தூக்கிக்கொண்டாள்.

"ஆயி, பணஸ் கினாரா எங்க இருக்கு?" என்று கேட்டது குழந்தை.

"இதுதாண்டி" என்றாள்.

ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஷிர்வண்டேக்காரர்களும் காராவாடிக்காரர்களும் அதைக் கேட்டார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.